கடைத்தெரு போட்டோவுல என்ன பாக்கணும்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய கடைவீதிப் படம் வீட்ல யார்கிட்டயாவது இருந்தா அதப் பத்தி எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி பக்கத்துலருந்துதான் நிறைய கடிதம் வந்துச்சு. பேர் போட வேணாம்னு பல பேர் சொன்னதால ஊர் பேர் மட்டும் போட்டிருக்கேன்.

எங்க தாத்தா விருதுநகர் பஜார்ல பருப்பு கமிஷன் கடை வெச்சிருந்தார். கடை வாசல்ல அவரும் கணக்குப்பிள்ளையும் இன்னும் மூணு பேரும் நிக்கற படம் ஒண்ணு இருக்கு. பின்னாடி தேதி இல்ல. எந்த வருஷம்னு கண்டுபிடிக்க முடியுமா? – விருதுநகர்

துல்லியமா இந்த வருஷம்னு சொல்ல முடியாம போகலாம், ஆனா ஒரு அஞ்சாறு வருஷத்துக்குள்ள கொண்டு வந்து நிறுத்திடலாம். அதுக்கு முதல்ல நிக்கற ஆளுங்கள விட்டுட்டு சுத்தி இருக்கறதப் பாருங்க. எல்லாரும் தாத்தா மூஞ்சியையே பாத்துட்டு படத்த திருப்பி வெச்சிடறாங்க, அவர் தலைக்கு மேல இருக்கற போர்டும், காலுக்குப் பக்கத்துல இருக்கற தராசும், பின்னால சுவத்துல தொங்கற காலண்டரும்தான் தேதி சொல்லும்.

தராசுல இருந்து ஆரம்பிப்போம். நம்ம பக்கம் முன்னாடி வீசை, பலம், மணங்குதான. 40 பலம் ஒரு வீசை, இன்னிக்கு கணக்குல ஏறக்குறைய 1.4 கிலோ. கிலோ கணக்கு 1958 அக்டோபர்ல ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா வந்து 1962 ஏப்ரல்லதான் நாடு முழுக்க கட்டாயம் ஆச்சு. அதனால விலைப்பலகைல வீசைன்னு எழுதியிருந்தா அனேகமா 62க்கு முந்தி, கிலோன்னு இருந்தா கண்டிப்பா 58க்குப் பிந்தி. விலையும் அப்படித்தான். அணாக் கணக்கு இருந்தா 1957 ஏப்ரல் 1க்கு முந்தியோ இல்ல அத ஒட்டியோ எடுத்த படம், ஏன்னா அன்னிக்குத்தான் ரூபாய்க்கு நூறு காசுன்னு மாத்துனாங்க. போர்டுல நயா பைசான்னு போட்டிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், அந்த ‘நயா’ 1964 ஜூன் வரைக்கும்தான் இருந்துச்சு, அப்ப ஏழு வருஷத்துக்குள்ள வந்துட்டீங்க.

அடுத்தது போர்டு எழுத்து. லை, ளை, னை, ணை இதெல்லாம் முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு ஒட்டியிருக்கும், ணா றா னா மூணும் கீழ சுழிச்சு வேற மாதிரி இருக்கும். 1978ல அரசாணை போட்டுத்தான் இப்ப நாம எழுதற வடிவம் பள்ளிக்கூடப் புஸ்தகம் வரைக்கும் வந்துச்சு. உங்க தாத்தா கடை போர்டுல ‘ஆலை’ன்னோ ‘விலை’ன்னோ இருந்தா அந்த ஒரு எழுத்த பெருசு பண்ணிப் பாருங்க. ஆனா இதுல ஒரு எச்சரிக்கை இருக்கு. பழைய எழுத்து இருக்கறதால மட்டும் 78க்கு முந்தினதுன்னு முடிவு பண்ணிடாதீங்க, ஒரு தடவ பெயிண்ட் அடிச்ச போர்டு இருபது முப்பது வருஷம் அப்படியே கிடக்கும், பெயிண்டர்களும் பழகின கையிலதான் எழுதுவாங்க. மறுபக்கமும் அப்படித்தான், பெரியார் 1935லயே ‘குடி அரசு’ பத்திரிகைல சீர்திருத்த எழுத்துல அச்சடிக்க ஆரம்பிச்சிட்டார், அதனால இயக்கத்துல இருந்தவர் கடைல புது எழுத்து முன்னாடியே வந்திருக்க இடமிருக்கு.

பொதுவா பிடிச்சுக்க வேண்டியது இதுதான்: படத்துல இருக்கறதுலயே எது புதுசோ அதுதான் கணக்கு. பழசு எவ்வளவு வேணா இருக்கலாம், ஒரு பொருள் வர்றதுக்கு முந்தி அது படத்துல விழ முடியாதுல்ல. தெருக்கோடில ஒரு டிவிஎஸ் 50 நிக்குதா, அப்ப 1980க்குப் பிந்தி. மாருதி காரு தெரிஞ்சா 1983 கடைசிக்குப் பிந்தி. வண்டி நம்பர்ல டிஎன் போட்டு மாவட்ட எண் இருந்தா 1989க்குப் பிந்தி. விலாசத்துல ஆறு இலக்க பின்கோடு எழுதியிருந்தா 1972 ஆகஸ்ட்டுக்குப் பிந்தி. உங்க ஊருக்குன்னே ஒரு நல்ல அடையாளம் பஸ்ஸு. மதுரை சுத்துவட்டாரம் பூராவும் டிவிஎஸ் பஸ் ஓடுன காலம் ஒண்ணு இருந்துச்சு, 1972ல அரசு எடுத்து பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆச்சு, 1997ல போக்குவரத்துக் கழகங்கள்லருந்து தலைவருங்க பேரு மன்னருங்க பேரு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. பஸ் பக்கவாட்டுல பாதி எழுத்து தெரிஞ்சாலும் போதும்.

கடைசியா காலண்டர். சிவகாசி பக்கத்துலயே இருக்கற ஊருக்கு இத நான் சொல்ல வேண்டியதில்ல, கடைக்குக் கடை தினசரி காலண்டர் தொங்கும். படத்த நல்ல ஸ்கேனர்ல 1200 டிபிஐ வெச்சு ஸ்கேன் பண்ணி அந்த மூலைய மட்டும் பெருசு பண்ணுங்க. தேதியும் கிழமையும் தெரிஞ்சிட்டா, மேல சொன்னதெல்லாம் வெச்சு பத்து வருஷத்துக்குள்ள கொண்டு வந்திருப்பீங்கல்ல, அந்தப் பத்துல அந்தத் தேதி அந்தக் கிழமைல விழற வருஷம் ஒண்ணோ ரெண்டோதான் இருக்கும். மாசம் தெரியலன்னாலும் வாசல்ல தோரணமா, கதவுல சந்தனம் குங்குமமான்னு பாத்தா ஆயுத பூஜையா சித்திரை ஒண்ணு புதுக்கணக்கான்னு ஊகிக்கலாம்.

எங்க ஊர் கோயில் படம் தேர் படம் எல்லாம் பழசு கிடைக்குது, கடைவீதி படம் மட்டும் ஏன் கிடைக்கறதே இல்ல? – அருப்புக்கோட்டை

ஏன்னா கடைவீதிய யாரும் படம் எடுக்கணும்னு நெனச்சதே இல்ல, அது தினம் பாக்கற இடம். 1858ல லினேயஸ் டிரைப்னு ஒரு வெள்ளைக்கார போட்டோகிராபர் மதுரைக்கு வந்து பெரிய பெரிய நெகட்டிவ்ல எடுத்ததுல பெரும்பாலும் கோயிலும் நாயக்கர் மஹாலும்தான். அப்புறம் மெட்ராஸ்ல இருந்த வீலி அண்ட் க்ளைன், ஹிக்கின்பாதம்ஸ் மாதிரி கம்பெனிங்க போட்ட போஸ்ட்கார்டுலயும் மெட்ராஸ் பஜார் இருக்கும், ஊட்டி இருக்கும், சின்ன ஊர் கடைத்தெருவ வாங்கி அனுப்ப யாரு இருந்தா?

உள்ளூர் போட்டோகிராபர் ஸ்டுடியோவ விட்டு வெளிய வர்றதே எப்பவாவதுதான். 120ன்னு சொல்ற ஃபிலிம் ரோல் ஒண்ணுல பன்னெண்டு படம்தான் விழும், ஒவ்வொண்ணும் காசு. அதனால யாராவது கூப்பிட்டாத்தான் வருவார். அப்ப எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு யோசிச்சா படம் எங்க இருக்குன்னு தெரிஞ்சிடும்: கடை திறப்பு விழா, ஆயுத பூஜை, தலைவர் ஊருக்கு வந்தது, மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலம், பெரிய மனுஷர் ஒருத்தரோட இறுதி ஊர்வலம், சாமி புறப்பாடு. இதுல எல்லாத்துலயும் கடைத்தெரு பின்னால நிக்குது. தேர் படம் கிடைக்குதுன்னு நீங்களே சொல்றீங்க, அந்தத் தேர் எந்தத் தெருவுல போகுது? தேர விட்டுட்டு ரெண்டு ஓரத்தையும் பாருங்க, திண்ணை வெச்ச கடை, ஓலைத்தட்டி, மரப்பலகைய வரிசையா சொருகி அடைக்கற நிரப்புப் பலகைக் கதவு, மாடில நின்னு எட்டிப் பாக்கற பொம்பளைங்க எல்லாம் அங்கதான் இருக்கு. கல்யாண ஆல்பத்தையும் விடாதீங்க. அறுபதுகள்ல எழுபதுகள்ல ஆக்பா க்ளிக் த்ரீ கேமரா வாங்கின வீடுகள்ல சதுரமா சின்னச் சின்ன கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும், அதுல பிள்ளைங்கள கடை வாசல்ல நிக்க வெச்சு எடுத்தது கண்டிப்பா ஒண்ணு ரெண்டு தேறும்.

நான் விருதுநகர்க்கு வாழ வந்தவ. வீட்டுக்காரர் குடும்பத்துப் படங்கள்ல தெப்பக்குளமும் மைதானமும் திரும்பத் திரும்ப வருது. இந்த ஊர் பஜாருக்கு அப்படி என்ன முக்கியத்துவம்? – விருதுநகர்

அம்மா, நீங்க கேட்டது ஒரு தொடரே எழுத வேண்டிய விஷயம், முடிஞ்சவரைக்கும் சொல்றேன்.

விருதுநகர சுத்தி வருஷம் பூரா தண்ணி ஓடற ஆறும் இல்ல, பெரிய பாசனமும் இல்ல. கரிசக்காடு, மானாவாரி. பருத்தி, மிளகாய் வத்தல், எள்ளு, பயறு வகை இதான் விளையும். விளைஞ்சத வாங்கி விக்கற இடமா இந்த ஊரு வளந்துச்சு. விருதுபட்டின்னு இருந்த ஊருக்கு 1923லதான் விருதுநகர்னு பேர் மாறுச்சு, உங்க வீட்டு பழைய பில்லு புஸ்தகம் எதுலயாவது விருதுபட்டின்னு அச்சடிச்சிருந்தா அத பத்திரமா வெச்சுக்குங்க. மதுரைலருந்து தூத்துக்குடி போற ரயில் 1870கள்லயே இந்த வழியா வந்துடுச்சு, துறைமுகம் ஒரு பக்கம் மதுரை ஒரு பக்கம்னு ஆனதும் மாட்டு வண்டில வர்ற சரக்கு ரயில் ஏற ஆரம்பிச்சது. இன்னிக்கும் பேப்பர்ல எண்ணெய், பருப்பு, வத்தல் விலை நிலவரம்னு வர்றப்ப விருதுநகர் மார்க்கெட்டுன்னுதான் போடறாங்க.

இதுக்குப் பின்னால பேட்டைன்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. நாடார் வியாபாரிங்க வழி நெடுக வண்டி மாடு அவுத்துப் போட்டு சரக்கோட பாதுகாப்பா ராத் தங்கறதுக்கு சுத்துச்சுவர் வெச்சு கட்டுன இடம் அது. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடின்னு ஆறு ஊர் வியாபாரிங்க சேந்து வளத்தது. அப்புறம் மகமை. மூட்டைக்கு இவ்வளவுன்னு ஒவ்வொரு வியாபாரியும் பொதுவுல போடற காசு, அதுலதான் கோயில் நடந்துச்சு, கிணறு வெட்டுனாங்க, பள்ளிக்கூடம் கட்டுனாங்க. ஊர்ல சத்திரிய வித்யாசாலா அப்படி வந்ததுதான், காமராஜர் படிச்ச பள்ளிக்கூடம். படிப்ப நிறுத்திட்டு அவர் போய் உக்காந்ததும் இதே ஊர்ல மாமாவோட துணிக்கடைலதான். 1916ல காளிமார்க் சோடா இந்த ஊர்லதான் பொறந்துச்சு, பழைய படத்துல பெட்டிக்கடை முன்னால மரக்கேஸ்ல பாட்டில் அடுக்கியிருந்தா மூடியையும் லேபிளையும் கொஞ்சம் உத்துப் பாருங்க.

மைதானம்னு நீங்க சொல்றது தேசபந்து மைதானமா இருக்கும். மாநிலத்துக்குத் தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்னு சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27ல உண்ணாவிரதம் ஆரம்பிச்சது இந்த ஊர்லதான், அந்த மைதானத்துல அவர் படுத்திருந்தத கடைத்தெருவே வந்து பாத்துச்சு, அக்டோபர் 13ல மதுரை ஆஸ்பத்திரில உயிர் போச்சு. பேர் மாத்தணும்னு சட்டசபைல தீர்மானம் 1967 ஜூலை 18ல வந்துச்சு, 1969 ஜனவரி 14லருந்து தமிழ்நாடு. உங்க வீட்டுப் படங்கள்ல 56ஐ ஒட்டி அந்த மைதானத்துல எடுத்தது ஒண்ணு இருந்துட்டாக்கூட அது குடும்பப் படம் மட்டும் இல்ல. பந்தல் தெரியுதா, கூட்டம் தெரியுதா, துண்டு போட்ட பெரியவர் ஒருத்தர் கட்டில்ல தெரியறாரான்னு இன்னொரு தடவ பாருங்க, கேட்டா எனக்கு உடம்பு சிலிர்க்குது, உண்மையாவே சொல்றேன்.

படத்துல கடைக்குள்ள உத்தரத்துலருந்து ஒரு தகர டப்பா தலைகீழா தொங்குது. வெளித்தூண்ல ஒரு கயிறு தொங்குது, நுனி கறுப்பா இருக்கு. என்னது இது? – சாத்தூர்

டப்பாக்குள்ள நூல்கண்டு இருக்கும். அடில ஒரு ஓட்டை, அது வழியா நூல் கீழ தொங்கும். மளிகைக் கடைக்காரர் பேப்பர்ல பொட்டலம் மடிச்சிட்டு ஒரு கைய மேல தூக்கி நூல இழுத்து சுத்தி வெடுக்குன்னு அறுப்பார். வெளில தொங்கறது பீடி பத்த வைக்கற கயிறு, தேங்காநார் திரிச்சது, நுனில தீ கனிஞ்சிட்டே இருக்கும். தீப்பெட்டி ஊருக்குப் பக்கத்துலயே தீப்பெட்டிய மிச்சம் பிடிக்க அந்தக் கயிறு இருந்துச்சு.

படம் ப்ரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, வெள்ளையா பூஞ்சை வேற. தண்ணில ஊறப்போட்டு எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா? – ராஜபாளையம்

செய்யாதீங்க. படத்தோட மேல்தோல் ஜெலட்டின், ஈரத்துல ஊதி கண்ணாடியோட ஒட்டிக்கிட்டதே அதுதான். இழுத்தா மூஞ்சி கண்ணாடிலயே தங்கிடும், தண்ணில போட்டா பழைய பிரிண்ட் சிலது கரைஞ்சே போயிடும். முதல் வேலை, ப்ரேம பின்பக்கம் மட்டும் கழட்டிட்டு கண்ணாடியோட சேத்தே படம் எடுத்துடுங்க, ஸ்கேனர்ல கவுத்துப் போட்டாலும் சரி, ஜன்னல் பக்கம் சாய்ச்சு வெச்சு கேமரால எடுத்தாலும் சரி. முன்னால இருந்து ப்ளாஷ் மட்டும் வேணாம். அதுக்கப்புறம் பிரிக்கறத பத்தி யோசிக்கலாம், அதுவும் பழைய படம் பழுது பாக்கத் தெரிஞ்சவங்க கையால. பூஞ்சைய ஈரத் துணியால துடைக்காதீங்க. நல்லா காஞ்ச இடத்துல வெச்சு, காஞ்சப்புறம் மெல்லிசான பிரஷ்ஷால வெளிப்பக்கமா தள்ளி விடுங்க, மூக்க மூடிக்குங்க. இன்னொண்ணு, பசை தடவின அட்டைல பிளாஸ்டிக் தாள் மூடற ஆல்பம் எண்பதுகள்ல எல்லா வீட்லயும் வாங்குனோம், அதுல இருக்கற கலர் படங்கள முடிஞ்சவரைக்கும் சீக்கிரம் வெளிய எடுங்க. கறுப்பு வெள்ளைல இருக்கறது வெள்ளி, ஒழுங்கா வெச்சா நூறு வருஷம் தாங்கும். கலர் படத்துல இருக்கறது சாயம், அது தானாவே வெளுத்து செக்கச்செவேல்னு ஆயிடும்.

செல்போன்ல இப்ப கறுப்பு வெள்ளைய கலராக்கற ஆப் வந்திருக்கே, போட்டுப் பாக்கலாமா? – சிவகாசி

போட்டுப் பாருங்க, ஆனா அந்தக் கலர் எதுவும் உண்மை இல்ல, மிஷின் ஊகிக்கறது. கடை போர்டு பச்சையா நீலமான்னு அதுக்குத் தெரியாது. சில ஆப்பு மூஞ்சிய தெளிவாக்கறேன்னு வேற மூஞ்சியவே வரைஞ்சிடுது, எழுத்த திருத்தறேன்னு இல்லாத எழுத்த போட்டுடுது, அப்புறம் முதல் பதில்ல சொன்ன எந்த ஆராய்ச்சியும் அந்தப் படத்துல செய்ய முடியாது. மூலப் படத்த ஸ்கேன் பண்ணின ஃபைல கை வைக்காம தனியா வெச்சுட்டு, காப்பில விளையாடுங்க. குடும்ப குரூப்ல கலர் படம் மட்டும் சுத்திட்டு இருந்தா பத்து வருஷத்துல அதுதான் நிஜம்னு ஆயிடும், அது எனக்கு பெரிய கவலை.

எங்க தெருவுல ஒரு பழைய ஸ்டுடியோ மூடப் போறாங்க. பெட்டி பெட்டியா கண்ணாடி நெகட்டிவ், ஃபிலிம் நெகட்டிவ் இருக்கு. எடைக்குப் போடப் போறதா சொல்றாங்க. என்ன செய்யறது? – ஸ்ரீவில்லிபுத்தூர்

இந்தக் கடிதத்த படிச்சதும் வேற வேலை ஓடல. இது நம்ம ஊர் எல்லாத்துலயும் நடக்குது. நெகட்டிவ்ல வெள்ளி இருக்கறதால அத பிரிச்சு எடுக்கறவங்க வாங்கிட்டுப் போவாங்க, கண்ணாடித் தட்ட கழுவிட்டு ஜன்னலுக்கும் ப்ரேமுக்கும் போட்டவங்க உண்டு.

ரெண்டு இடம் சொல்றேன். புதுச்சேரில இருக்கற பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரியோட அழியும் நிலைல இருக்கற ஆவணங்களுக்கான திட்ட உதவில, தமிழ்நாட்டு பழைய ஸ்டுடியோக்களத் தேடிப் போய் படங்கள ஸ்கேன் பண்ணியிருக்காங்க. ஸ்கேன் பண்ணிட்டு அசல சொந்தக்காரர்கிட்டயே திருப்பிக் குடுப்பாங்களான்னு அவங்ககிட்ட முதல்லயே கேட்டு ஸ்டுடியோக்காரர்கிட்ட சொன்னா பாதி தயக்கம் போயிடும். இன்னொண்ணு சென்னைல ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர்ல ஒரு தனி மனுஷர் சேத்து வெச்ச புஸ்தகம், நோட்டீஸ், அழைப்பிதழ்லருந்து 1994ல தொடங்குனது, அவங்ககிட்டயும் எழுதிக் கேளுங்க.

அதுவரைக்கும் நீங்க செய்ய வேண்டியது: எடைக்கு என்ன காசு வருமோ அத நாம குடுத்துடறோம்னு தெருவுல நாலு பேர் சேந்து பெட்டிகள நிறுத்தி வைங்க. கண்ணாடித் தட்டுகள படுக்க அடுக்காம நிமித்தி வைங்க, படுக்க வெச்சா கனத்துல அடில இருக்கறது விரிசல் விடும். ஃபிலிம் நெகட்டிவ்ல காடி வாசனை வந்தா அதுங்கள தனிப் பெட்டில, மத்ததுலருந்து தள்ளி வைங்க. ஸ்டுடியோ ரெஜிஸ்தர் நோட்டு இருக்கான்னு கேளுங்க, நம்பரும் பேரும் தேதியும் எழுதின நோட்டு. நெகட்டிவ விட அந்த நோட்டு முக்கியம், அது போச்சுன்னா ஆயிரம் மூஞ்சி இருக்கும், ஒண்ணுக்கும் பேர் இருக்காது.

எங்க பஜார்ல பழைய கடைக்காரங்க நாலஞ்சு பேர்தான் மிச்சம். படங்கள காட்டி விவரம் கேக்க ஆசை. எப்படிக் கேக்கறது? – விருதுநகர்

இந்த வாரமே போங்க. செல்போன்ல காட்டாதீங்க, பெரியவங்களுக்கு கண்ணுக்கு எட்டாது, விரல் பட்டு படம் நழுவிப் போயிடும். ஏ4 சைஸ்ல பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போங்க, அதுக்கு மேல ஒரு டிரேசிங் பேப்பர் வெச்சு, அவங்க சொல்லச் சொல்ல ஆளுக்கு மேல பேர எழுதுங்க. ‘இது எந்த வருஷம்’னு ஆரம்பிக்காதீங்க, யாருக்கும் வருஷம் நினைவு இருக்காது. ‘ஐயா, இந்தக் கடைக்கு அடுத்த கடை யாரு கடை, அதுக்கு அடுத்தது?’ன்னு தெரு வரிசையா நடக்க வைங்க, ஒவ்வொரு வாசலா வர்றப்ப விஷயம் தானா வரும். ‘இந்தப் படம் எடுத்தப்ப உங்க பெரிய பொண்ணு பொறந்துட்டாங்களா?’ன்னு கேளுங்க, வருஷம் அங்க வந்து விழும். ரெண்டு பேர ஒண்ணா உக்கார வெச்சுக் கேட்டா இன்னும் நல்லது, ஒருத்தர் தப்பா சொன்னா இன்னொருத்தர் ‘இல்லப்பா அது மேலக்கடைக்காரர்’னு திருத்துவார். போன்ல பேச்ச பதிவு பண்ண அனுமதி கேட்டுக்குங்க.

மூட்டை தூக்கினவங்க, வண்டி ஓட்டுனவங்க, பருப்பு புடைச்ச அம்மாக்கள் இவங்கள்ல யார் இருந்தாலும் அவங்ககிட்டயும் கேளுங்க. முதலாளி பேர் எப்படியாவது ஒரு போர்டுல தப்பிச்சிருக்கும். படத்து ஓரத்துல தலைச்சுமையோட பாதி வெட்டுப்பட்டு நிக்கறவர் பேரு வேற எங்கயும் எழுதி இருக்காது. வீட்டுக்கு வந்ததும் அசல் படத்துக்குப் பின்னால மெதுவா பென்சில்ல எழுதுங்க, பேனா வேணாம், மை ஊறி முன்பக்கம் வந்துடும். சொன்னவர் பேரையும், சொன்ன தேதியையும் சேத்து எழுதுங்க.